மீன்முள்ளுக் குறி

அழியாது. அதுதான் வந்த வினை. சேராங்கொட்டைப் பாலில் வைத்த குறி எந்தக் காலத்தில் அழிந்திருக்கிறது? இது காத்தாயிக்குத் தெரியாததா? அழியக் கூடாது என்றுதானே அதை வைக்கிறார்கள். தெரிந்திருந்தும் நேற்றெல்லாம் உட்கார்ந்து தேய்த்தாள். எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள், கடைசியில் எச்சிலைத் தொட்டுக்கூடத் தேய்த்தாள். விரல் சிவந்ததுதான் மிச்சம். உள்ளங்கை அகலம்கூட இல்லாத அந்தத் துண்டுத் துணி இப்போது அவள் தலையிலிருக்கிற சலவை மூட்டைக்குள்ளே, நிசிம் ஐயாவின் வெள்ளைக் கோட்டு மடிப்புக்குள்ளே கிடக்கிறது. மூட்டையில் கோட்டு இருக்கிறது, கால்சட்டை இருக்கிறது, படுக்கை விரிப்பு இருக்கிறது. கனமெல்லாம் என்னவோ அந்தத் துண்டில்தான். டோபிகாட்டுக் கால்வாயிலிருந்து சோபியா மேட்டுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் அவள் போய்ச் சேருவாள், இன்றைக்கு மட்டும் ரோடு காலடியில் இழுபட்டுக்கொண்டே போகிறது. வெயில் இன்னும் ஏறவில்லை. ஏறுவதற்குள் போய்விட வேண்டும். நிசிம் ஐயா இன்று காலை காவல் கொட்டடிக்குப் போய்த் தலையைக் காட்டியாக வேண்டும். அந்தத் துண்டு நெஞ்சில் இல்லாமல் அவர் தெருவில் இறங்கக் கூடாது. இறங்காமல் வீட்டில் இருந்துவிட்டாலோ, ஏன் வரவில்லை என்று அவர்களே வந்து விடுவார்கள். சிங்கப்பூரைப் பிடித்து, ஊருக்கே சியோனான் என்று பெயரை மாற்றி வைத்த ஜப்பான்காரன், யூத ஜனங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு கொடுத்திருக்கிறான். வெள்ளைத் துணி, சிவப்புப் பட்டை, நடுவில் அவன் எழுத்து. ஆளுக்கு ஒன்றுதான். தொலைந்து போச்சு, கிழிந்து போச்சு, வண்ணாத்தி எடுத்துப் போய்விட்டாள் என்றெல்லாம் சொல்ல அங்கே வாய் கிடையாது. பக்கத்துத் தெரு ஆள் ஒருவர் அது இல்லாமல் ரொட்டி வாங்க இறங்கினார் என்று லாரியில் ஏற்றினார்கள். ரொட்டி வாங்கின பை மட்டும் யார் கையிலோ வீடு வந்தது.

நான் வேணும்னா செஞ்சேன்? கை செஞ்சுது. காத்தாயி தனக்குள்ளே சொல்லிக்கொண்டாள். ஊக்கு கிடைக்காத காலம். ஐயாவின் சம்சாரம் ரஹ்மா மேம் அதைக் கோட்டிலேயே நாலு தையல் போட்டுத் தைத்துவிட்டாள், துணி போடும்போது பிரிக்க மறந்துவிட்டாள். கல்லில் ஓங்கின கையை ஓங்கினபடியே நிறுத்தினாள் காத்தாயி. சிவப்புச் சாயம் இறங்கினால் வெள்ளைக் கோட்டு என்னத்துக்கு ஆகும்? பல்லால் கடித்துத் தையலைப் பிரித்தாள், தனியாக அலசினாள், தனியாகக் காயப் போட்டாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் தனியாகப் பிரிந்த துணிக்குக் குறி வேண்டுமே. காலர் பிரிந்தால் காலருக்கு, தலையணை உறை பிரிந்தால் உறைக்கு. குறி இல்லாத துணி கால்வாய்க் கரையில் அனாதை, யார் வீட்டு மூட்டையிலோ போய்ச் சேர்ந்துவிடும். வேறு எதையோ நினைத்துக்கொண்டே கொட்டையில் ஊசியைக் குத்தி, பாலைத் தொட்டு, துண்டின் பின்பக்கத்தில் நிசிம் ஐயா வீட்டுக் குறியைக் கீறி, மேலே சுண்ணாம்பைத் தடவி, நிமிர்ந்து பார்த்த பிறகுதான் என்ன செய்தோம் என்றே தெரிந்தது. நடுவில் ஒரு கோடு, ரெண்டு பக்கமும் சின்னச் சின்னக் கீறல். மீன்முள்ளு. அவளுக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியாது. ஒரு வீட்டுக்குள் முதல் தடவை நுழையும்போது எது கண்ணில் படுகிறதோ, எது மூக்கில் ஏறுகிறதோ அதுதான் அந்த வீட்டுக் குறி. ரஹ்மா மேம் வீட்டுக்குள் முதல் தடவை போனபோது மஞ்சள் போட்டு மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள். வாசல்வரைக்கும் வாசனை. அன்றிலிருந்து அது மீன்முள்ளு வீடு. டாக்டர் வீடு ஒத்தைப்புள்ளி, அவர் நெற்றி மருவால். சீனக் கடை முதலாளி வீடு ரெட்டை வளையம், அந்த அம்மா காதில் ஆடினது. நிசிம் ஐயா ஒரு தடவை காலரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஊரெல்லாம் என்னை வியாபாரின்னு நெனைக்குது, என் சட்டைக்குத்தான் தெரியுது நான் சாப்பாட்டு ராமன்னு என்று சிரித்தார். மலாயில் என்ன வார்த்தை சொன்னாரோ, அவள் காதில் அப்படித்தான் விழுந்தது. ரெண்டு பேருக்கும் கடைத்தெரு மலாய்தான் பொதுப் பேச்சு. மலாய் உள்ளே போகும்போதே அவளுக்குத் தமிழாகிவிடும்.

பின்பக்கம் மட்டும் என்றால் யார் பார்க்கப் போகிறார்கள்? துணி நைந்த துணி, ஈரமும் இருந்திருக்கிறது. பால் ஊறி முன்பக்கம் வந்துவிட்டது. ஜப்பான் எழுத்துக்கு அடியிலே, நிழல் விழுந்த மாதிரி, மீன்முள்ளு எட்டிப் பார்க்கிறது. இது போதாதென்று நேற்று முடிவெட்டுகிற ரெங்கன் வந்து வாயை வைத்தான். அவனுக்கு எல்லாம் தெரியும், தெரியாததும் தெரியும். “ஜப்பான் எழுத்து லேசுப்பட்டதில்லை அக்கா. ஒரு கோடு கூடிச்சுன்னா அர்த்தமே மாறிடும். நாய்ங்கிற எழுத்துல ஒரு கோடு ஏறினா பெருசுன்னு ஆயிடுமாம்.” “பெருசுல ஏறினா நாயாகுமா, நாயில ஏறினா பெருசாகுமாடா?” என்று கேட்டாள். அவன் சீப்பைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தான். “ரெண்டுல ஒண்ணு” என்றான். ரெண்டில் ஒன்று! அதிலேதான் ஒரு ஆளின் உயிர் இருக்கிறது, இவன் ரெண்டில் ஒன்று என்கிறான். அந்தத் துண்டில் இவர் யூதர் என்று எழுதியிருக்கிறதாம். அவள் இழுத்த கோட்டோடு சேர்த்துப் படித்தால் என்ன வரும்? ராஜாவைத் திட்டினது போல வந்துவிட்டால்? அவர்கள் ராஜா சாமிக்குச் சமானமாம். எங்க வீட்டு வண்ணாத்தி போட்ட குறி ஐயா என்று நிசிம் ஐயா சொன்னால் கேட்பார்களா? தொண்டையில் மீன்முள்ளு மாட்டின மாதிரி எச்சிலை விழுங்கினாள். இறங்கவில்லை. விழுங்க விழுங்க அங்கேயேதான் நிற்கிறது. பேசாமல் துண்டைக் கால்வாயில் விட்டுவிட்டு, காணோம் மேம், தண்ணியோட போயிடுச்சு என்று சொல்லிவிடலாமா என்றுகூட விடியும்போது தோன்றியது. தோன்றின உடனே, கையில் கிடந்த ஈரத் துணியால் தன் தொடையிலேயே ஒரு அடி அடித்துக்கொண்டாள். ஒரு துணி தொலைத்தவள் என்று இந்தக் கரையில் யாரும் அவளைச் சொன்னது கிடையாது.

தொலைத்தாள்தான். துணியை இல்லை. மனசு அந்தப் பக்கம் போகிறது, போகட்டும், மூட்டை தலையில் இருக்கும்போது மனசைப் பிடித்துக் கட்ட ரெண்டு கை இல்லை. அவள் புருசன் தங்கையன் சயாமுக்குப் போன காலையும் இப்படித்தான் வெயில் ஏறாத காலை. அங்கே ரயில் பாதை போடுகிறார்கள், கொஞ்ச நாள் வேலை, சாப்பாடும் கூலியும் உண்டு, வீட்டுக்கு அரிசி கொடுப்பார்கள் என்று ஆள் சேர்த்தார்கள். மரவள்ளிக் கிழங்கையே தின்று தின்று காத்தாயிக்குக் கால் வீங்கிக் கிடந்தது. “உன் காலைப் பார்த்தா யானை பொறாமைப்படும். அரிசி வரட்டும், வடிஞ்சிடும்” என்று சொல்லிவிட்டு அந்த மனுசன் லாரியில் ஏறினான். அவள் இஸ்திரிப் பெட்டி போட்டுக் கொடுத்த சட்டையைத்தான் போட்டிருந்தான். லாரி நிறைய ஆட்கள், எல்லாரும் அதே மாதிரி சட்டை, அதே மாதிரி வேட்டி. மூலை திரும்பும்போது எந்தத் தலை அவன் தலை என்று தெரியவில்லை. கையை ஆட்டினது அவன்தானா? ஒரு வாரம், ஒரு மாசம் இல்லை, இத்தனை நாளும் அவளை அரிக்கிறது இந்த ஒன்றுதான். அந்தச் சட்டையில் குறி இல்லை. வண்ணான் வீட்டுத் துணிக்கு யார் குறி போடுகிறார்கள்? பல வீட்டுத் துணியும் கலந்து கிடக்கும்போது பிரித்தெடுக்கத்தானே குறி. எல்லார் துணியையும் பிரித்துக் கட்டின பிறகு, கல்லில் மிச்சம் கிடப்பது எதுவோ அதுதான் நம்ம துணி. இதுவரைக்கும் அந்தக் கணக்கு தப்பவில்லை. அங்கே சயாமில், அத்தனை வெள்ளைச் சட்டையும் சேறாகி ஒரே நிறமாகிக் கிடக்கும்போது, இது காத்தாயி வீட்டு ஆள், டோபிகாட்டில் கொண்டுபோய்ச் சேர்க்கணும் என்று எதைப் பார்த்துச் சொல்லுவார்கள்? யூத ஜனத்துக்கு ஜப்பான்காரன் குறி வைத்தான், ஆளை வீட்டிலிருந்து பிரிப்பதற்கு. நாங்க வைக்கிற குறி வீட்டுல சேர்க்கிறதுக்கு. பேர் என்னவோ ரெண்டுக்கும் குறிதான்.

சந்தி வந்துவிட்டது. காவல் சிப்பாய் நிற்கிறான். கப்பல் விட்டு இறங்கின புதுசில் தங்கையன் அவளுக்கு மலாய் சொல்லிக் கொடுத்தது நினைவுக்கு வந்து தொலைத்தது, சிரிக்கிற நேரமா இது? ஒரு மலாய்க்காரக் கிழவர் வீட்டில் துணியைக் கொடுத்தபோது ஒரு பித்தான் உடைந்திருந்தது. அவர் ‘தா அபா’ என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். இவளோ, தா, அப்பா என்று உடைந்த பித்தானைத்தான் கேட்கிறார் என்று இடுப்பு முடிச்சை அவிழ்த்து எடுத்துக் கொடுத்தாள். மறுபடியும் தா அபா என்றார். இன்னும் என்ன தரணும்? முந்தானையை உதறிக் காட்டினாள், இல்லையப்பா, அவ்வளவுதான் இருக்கு என்று. தங்கையன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்து சிரித்தான். இந்தச் சிப்பாயிடம் யாரும் தா அபா சொல்ல முடியாது. அவன் முன்னால் நின்று இடுப்பு வளையக் குனிய வேண்டும். குனிவு போதவில்லை என்றால் கன்னத்தில் விழும். தலையில் மூட்டையோடு எப்படிக் குனிவது? இறக்கி வைத்தாள். குனிந்தாள். நிமிர்ந்து மூட்டையில் கை வைக்கும்போது துப்பாக்கி முனைக் கத்தி மூட்டையின் முடிச்சைத் தொட்டது. அவிழ். அவன் என்ன வார்த்தை சொன்னாலும் கத்தி சொல்வது புரியும். அவிழ்த்தாள். அவன் விரிப்பைத் தள்ளினான், கால்சட்டையைத் தள்ளினான், கோட்டை எடுத்து உதறினான். துண்டு தரையில் விழுந்தது. பின்பக்கமாக விழுந்தது. வெள்ளையில் கறுப்பாக மீன்முள்ளு, மீன்கடையில் போட்ட மாதிரி கிடந்தது.

ரோட்டில் ஒரு சைக்கிள் போனது. காக்கை ஒன்று கத்தினது. காத்தாயிக்குத் தன் கால் கட்டைவிரல் மட்டும் தெரிந்தது, அதில் ஒட்டியிருந்த சுண்ணாம்பு தெரிந்தது. சிப்பாய் துண்டை எடுத்தான். முன்பக்கம் பார்த்தான், பின்பக்கம் பார்த்தான், வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். தூக்கிப் பிடித்தால் எழுத்தும் முள்ளும் ஒன்றாகத்தானே தெரியும். படிக்கிறானா? நாயா, பெருசா? குறியில் விரலை வைத்து அவளைப் பார்த்து ஏதோ கேட்டான். “டோபி” என்றாள். விரிப்பின் மூலையைத் திருப்பிக் காட்டினாள், மீன்முள்ளு. கால்சட்டை இடுப்பைத் திருப்பிக் காட்டினாள், மீன்முள்ளு. கோட்டுக் காலர், மீன்முள்ளு. “டோபி, டோபி.” அவன் முகத்தில் மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அவன் ஒரு கையால் தன் சட்டைக் காலரைப் பிடித்து லேசாகத் திருப்பினான். உள்பக்கத்தில் மையால் ரெண்டு மூணு எழுத்து, தண்ணீர் பட்டுப் பட்டு மங்கினது. அவளுக்குக் காட்டத்தான் திருப்பினானா, வேர்வைக்குத் தளர்த்தினானா, அவளால் சத்தியம் பண்ண முடியாது. யார் எழுதிக் கொடுத்திருப்பார்கள் அதை? ஒரு பொம்பளை கைதான் இருக்கும். சாதா மை போலிருக்கிறது, நிற்காது, ரெண்டு வெளுப்பில் போய்விடும் என்று அந்த நேரத்திலும் தோன்றினது. அவன் துண்டைக் கோட்டின் மேல் போட்டுவிட்டு, கத்தியால் ரோட்டைக் காட்டினான். போ. அவள் மறுபடியும் குனிந்தாள். மூட்டையைக் கட்டித் தலையில் ஏற்றினாள்.

மேடு ஏறினாள். ஒருத்தன் விட்டான், கொட்டடியில் இருப்பவன் விடுவானா? முள்ளு இன்னும் தொண்டையில்தான். ரஹ்மா மேம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே நின்றாள். உள்ளே நிசிம் ஐயா கால்சட்டையும் உள்சட்டையுமாக, தொப்பியை மட்டும் தலையில் வைத்துக்கொண்டு, சுவருக்கும் சுவருக்கும் நடந்துகொண்டிருந்தார். “வந்துட்டா, வந்துட்டா. நான் சொன்னேனே வருவான்னு” என்றாள் மேம். “நீ எங்கே சொன்னே? நீ அழுதே. நான் சொன்னேன்” என்றார் ஐயா. “தைக்கத் தெரிஞ்சவளுக்குப் பிரிக்கத் தெரியலை. அதனால வந்த கூத்து.” “ஆமா, கோட்டைக் கழட்டிப் போட்டவருக்குக் கண் எங்கே போச்சாம்?” காத்தாயி மூட்டையை அவிழ்க்காமலே பேசினாள். இப்போது சொல்லாவிட்டால் சொல்லவே மாட்டோம் என்று தெரிந்தது. “மேம், துணி இருக்கு. ஆனா நான் அதுல குறி போட்டுட்டேன். தெரியாமப் போட்டுட்டேன். முன்பக்கமும் தெரியுது. நேத்தெல்லாம் தேய்ச்சேன், போகலை. என்னை அடிங்க.” மேம் மூட்டையை அவிழ்த்துத் துண்டை எடுத்தாள், ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். ஐயா அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். அடுக்களையில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் மட்டும் வந்தது. அந்த வீட்டில் மீன் பொரித்து எத்தனை காலம் ஆகிவிட்டது.

“மீன்முள்ளு” என்றார் ஐயா கடைசியில். “இங்கேயும் என்னைச் சாப்பாட்டு ராமனாக்கிட்டே.” மேம் சிரிக்கவில்லை. முள்ளின் மேல் கட்டைவிரலை வைத்து மெதுவாகத் தடவினாள். “இவங்க எழுத்து? இது போகுமா?” என்று கேட்டாள். என்ன கேள்வி இது என்று காத்தாயிக்கு முதலில் பிடிபடவில்லை. தொழில் கேள்வி என்றுதான் பதில் சொன்னாள். “அது சாதா மைதானே மேம். இப்பவே வெளுத்திருக்கு பாருங்க. இன்னும் கொஞ்சம் வெளுப்புல எழுத்தும் போயிடும், சிவப்பும் போயிடும்.” “உன் குறி?” “அது எங்கே போகும்? துணி நார்நாராக் கிழிஞ்சாலும் குறி கிழியாது.” மேம் கணவனைப் பார்த்தாள். அவர் தொப்பியைக் கழற்றித் திரும்ப வைத்தார். மேம் உள்ளே போனாள், தன்னுடைய துண்டையும் மகள் ஃபர்ஹாவின் துண்டையும் எடுத்து வந்தாள். “இதுக்கும் போடு” என்றாள். காத்தாயி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். “ஐயோ, யாராவது பார்த்தா?” “பின்பக்கம், லேசா போடு. காஞ்ச துணிதானே, ஊறாது. எங்களையும் எங்கேயாவது கூட்டிட்டுப் போவாங்கன்னு பேசிக்கிறாங்க, காத்தாயி. ஆளுக்கொரு இடமா வைப்பாங்களாம். மூணு பேரும் ஒரே வீட்டுத் துணின்னு இருக்கட்டும்.” “தா அபா” என்றார் ஐயா, “யாராவது கேட்டா வண்ணாத்தி மேல பழியைப் போட்டுடறேன்.” “இவரு போட மாட்டாரு” என்றாள் மேம். அப்போதுதான் அவள் சிரித்தாள்.

இடுப்புப் பையிலிருந்து கொட்டையை எடுத்தாள் காத்தாயி. ஊசியைக் குத்தினாள். விரல் நுனியெல்லாம் அந்தப் பால் பட்டுப் புண்ணாகி ஆறின தழும்பு. நடுவில் கோடு. இந்தப் பக்கம் கீறல், அந்தப் பக்கம் கீறல். நேற்று நினைக்காமல் போட்டது, இன்று நினைத்துப் போடுகிறாள். ஒவ்வொரு கீறலுக்கும் போய் வா, போய் வா என்று உள்ளே சொல்லிக்கொண்டாள். அதற்குள் மேம் நிசிம் ஐயாவின் துண்டைக் கோட்டில் நாலு தையல் போட்டாள், அவர் கோட்டை மாட்டினார், கதவைத் தாண்டினார், தெருவில் இறங்கினார். அவர் செருப்புச் சத்தம் மேட்டில் இறங்கி ஓயும்வரை ரெண்டு பெண்களும் துண்டின் மேல் குனிந்தே இருந்தார்கள். “உன் வீட்டுக்கு என்ன குறி?” என்று மேம் கேட்டாள், சும்மா பேச்சுக்குத்தான். “வண்ணான் வீட்டுக்கு ஏது மேம் குறி?” என்றாள் காத்தாயி. அதோடு நிறுத்தியிருக்கலாம், வாய் நிற்கவில்லை. சட்டையைச் சொன்னாள். லாரியைச் சொன்னாள். கலந்து கிடக்குமே, யார் பிரித்தெடுப்பார்கள் என்று சொன்னாள். மேம் அவள் கையிலிருந்த ஊசியை வாங்கிக் கீழே வைத்தாள். “உன் வழக்கப்படி, முதல் தடவை வர்றவங்க கண்ணுல எது படுதோ அதானே குறி? அப்போ அதை நீ போட முடியாது. இந்தச் சனியனைக் கழட்டுற அன்னைக்கு நான் உன் வீட்டுக்கு வர்றேன். எது முதல்ல படுதுன்னு பார்த்துச் சொல்றேன். அதுவரைக்கும் கொட்டையைப் பத்திரமா வை.” கழட்டுற அன்னைக்கு என்றாள். கழட்டினா என்று சொல்லவில்லை. காத்தாயி காது அதைப் பிடித்துக்கொண்டது.

திரும்பும் வழியில் மூட்டை இல்லை, அழுக்குத் துணி கொஞ்சம்தான், இடுப்பிலேயே இடுக்கிக்கொண்டாள். வெயில் ஏறிவிட்டது. சந்தி தெரிகிற இடத்துக்கு வந்தபோது எதிரே வெள்ளைக் கோட்டு ஒன்று வருகிறது. அவள் வெளுத்த கோட்டு, அந்த வெள்ளை அவளுக்கு எத்தனை தூரத்திலும் தெரியும். சிப்பாய் முன்னால் நின்றது, குனிந்தது, நிமிர்ந்தது, நடந்தது. தெருவில் நின்று பேசுகிற காலமா இது? பேசவில்லை. தாண்டிப் போகும்போது நிசிம் ஐயா நெஞ்சில் இருந்த துண்டின் மேல் ரெண்டு விரலை வைத்து ஒரு தட்டுத் தட்டினார். “கொட்டடியில அழுக்குன்னு நெனைச்சான்” என்றார் காற்றைப் பார்த்து, “நல்ல வண்ணாத்தியா பார்த்துக் கொடுன்னான்.” காத்தாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டாள். அழுக்காம்! அழுக்காம்ல. சந்தி வந்தது, குனிந்தாள், நிமிர்ந்தாள், எச்சிலை விழுங்கினாள், இறங்கினது. முள்ளு எங்கே போனதென்றே தெரியவில்லை. ரஹ்மா மேம் வீட்டுக்கு வந்தால் எது முதலில் கண்ணில் படும்? கொடிக்கயிறா? அப்போது ஒற்றைக் கோடு. பெட்டிக்குக் கரி போடுகிற ஓட்டைத் தகரமா? அப்போது ஒரு வட்டம், உள்ளே புள்ளி. மேம் சேலைக் கொடிக்கெல்லாம் குனியாமல் வருவாளா, இடித்துக்கொள்வாளா? வீட்டைக் கூட்ட வேண்டும். ஒரு மீனாவது வாங்கிவைக்க வேண்டும். அன்றைக்கு, மேம் வருகிற அன்றைக்கு, வாசலிலேயே, மெலிந்து கறுத்து, சேறு போகாத சட்டையோடு, யார் வீட்டுத் துணி இது என்று கேட்க வேண்டியில்லாமல், அந்த மனுசன் நின்றுகொண்டிருந்தால்? அப்போது அதுதானே முதலில் கண்ணில் படும். நேராக ஒரு கோடு, கீழே பிரிந்த ரெண்டு கால். காத்தாயி நடந்துகொண்டே கட்டைவிரலால் ஆள்காட்டி விரலில் அதைக் கீறிப் பார்த்தாள். போடுவதற்குச் சுலபமான குறிதான்.